ஏழாவது பிரிவின்படி உயிரோடு

என் மனைவி இறந்த ஐம்பத்து மூன்றாம் நாள் அவளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. பாவனை விளையாட்டுவழி சர்வதேச இணையக் கூட்டுக் கற்றல் திட்டத்துக்கு அவளை ஒருங்கிணைப்பாளராக நியமிப்பதில் பல்கலைக்கழகம் பெருமை கொள்கிறதாம். ஏழு நாட்களுக்குள் சம்மதத்தை நேரில் வந்து தெரிவிக்க வேண்டும். வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

நானும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறேன். கணினி ஆய்வகத்தில் டெக்னீஷியன், ஒப்பந்த வேலை. அவள் மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியை. அவள் இரண்டாம் மாடி, நான் தரைத்தளம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒன்பதாம் நாள் அவளுடைய கைக்கடிகாரத்தையும் தலை கிளிப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு சர்வதேச உறவுகள் பிரிவுக்குப் போனேன். அங்கே செக்ஷன் ஆபீசராக இருக்கும் அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் முத்திரையம்மா. மேசைமேல் பதினொரு ரப்பர் முத்திரைகளை உயர வரிசைப்படி நிறுத்தி வைத்திருப்பார். கெட்ட மனுஷி அல்ல.

"உக்காருங்க தம்பி. கேள்விப்பட்டதும் எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல" என்றார். சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது எஸ்டாப்ளிஷ்மென்ட்டுக்குக் குடுக்க வேண்டியதாச்சே."

"மறுநாளே குடுத்துட்டேன் மேடம்."

"அப்ப அந்தப் பிரிவுல அவங்க இறந்துட்டாங்க. சரிதான். இங்க இன்னும் இல்லையே."

"புரியல மேடம்."

பைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு செய்த ஒப்பந்தம். ஏழாவது பிரிவின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'ஒருங்கிணைப்பாளரை மாற்ற நேர்ந்தால், மாற்றப்படும் ஒருங்கிணைப்பாளர் தாமே கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட வேண்டும்.' கடைசிப் பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்து இருந்தது. காய்ச்சலுக்கு இரண்டு வாரம் முந்தைய தேதி.

"அவ எப்படி மேடம் கையெழுத்துப் போடுவா?"

"அதையேதான் நானும் கேட்டு நோட் போட்டேன். மேல போயிருக்கு. பதில் வர்ற வரைக்கும் அவங்கதான் ஒருங்கிணைப்பாளர்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. ஒரு லீவு லெட்டராவது குடுத்திருந்தா அதை வெச்சு ஏதாவது பண்ணலாம். அதுவும் குடுக்காம போயிட்டாங்க."

அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு டீனைப் பார்க்கப் போனேன்.

டீனின் அறைச் சுவரில் பெரிய உலகப்படம் மாட்டியிருந்தது. ஒப்பந்தம் போட்ட இடங்களில் எல்லாம் சிவப்புக் குண்டூசி. சில குண்டூசிகள் கடலில் குத்தியிருந்தன. டீன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"மரணம்ங்கறது தனிப்பட்ட விஷயம்ப்பா" என்றார். "ஒப்பந்தம் அப்படியில்ல. ரெண்டு நாடு சம்பந்தப்பட்டது."

"அவங்களுக்குச் சொல்லிட்டா போதுமே சார்."

"சொல்லலாம். சொன்னா ஏழாவது பிரிவு. ஏழாவது பிரிவுன்னா கடிதம். கடிதம் இல்லன்னா ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் ரத்துன்னா விளையாட்டும் ரத்து. அவங்க ராப்பகலா உழைச்சு உண்டாக்கின விளையாட்டு. அதை நாமளே சாகடிக்கணுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்க நம்மள விட்டுப் போகல. அவங்க லாகின் இன்னும் இருக்கு. பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். என் மாமனார் முப்பது வருடம் ஓட்டிய பஸ்ஸின் எண் அது.

டீன் விளக்கினார். ஆறே வாரம். செவ்வாய், வியாழன் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை. ஆய்வகத்தில் நான் எப்படியும் உட்கார்ந்திருக்கத்தான் போகிறேன். என் பெயருக்குப் பதிலாக அவள் பெயரில் உள்ளே போய் உட்கார வேண்டும். எதிர்த்தரப்புக்காரர்கள் ஏதாவது எழுதினால் இரண்டு வரி பதில். அவ்வளவுதான்.

"பதிலுக்கு நான் ஒண்ணு செய்யறேன்" என்றார். "விளையாட்டத் திறந்ததும் வர்ற முதல் ஸ்கிரீன். அதுல உருவாக்கியவர்னு அவங்க பேரு. அவங்க பேரு மட்டும்தான். நிறைவு விழாவுல துணைவேந்தர் முன்னாடி அந்த ஸ்கிரீனைத் திறப்போம். இது என் வாக்கு."

சம்மதித்தேன். அந்த விளையாட்டு எனக்குத் தெரிந்தது.

அவள் அதை எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் செய்தாள். நீலப் போர்வையை நீளமாக மடித்துப் போட்டால் ஆறு. பழைய சட்டைகளின் பட்டன்கள் வீடுகள். ஒரு மர ஸ்கேல் பாலம். இக்கரையில் ஒரு ஊர், அக்கரையில் ஒரு ஊர், இரண்டுக்கும் ஒரே ஆறு. வறட்சி வரும், வெள்ளம் வரும், பாலத்தில் விரிசல் விடும். இரண்டு ஊரும் பேசித்தான் பிழைக்க வேண்டும். சோதனைக்கு நான்தான் அக்கரை. முதல் வாரமே மதகை மூடிவிட்டேன். அவள் ஊரில் பட்டன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

"உங்க குணம் இப்பதான் தெரியுது" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளை அட்டையை வெட்டிச் சேர்த்தாள். உண்மை அட்டை. அதை வைக்கிறவர், தனக்கே நஷ்டம் வரக்கூடிய ஓர் உண்மையை எதிர்க்கரைக்குச் சொல்ல வேண்டும். எதிர்க்கரை பத்து நிமிடத்துக்குள் பதிலுக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும். இல்லையென்றால் பாலம் போய்விடும்.

"யாராவது வைப்பாங்களா இதை?" என்றேன்.

"வைக்காமலே ஆடி முடிச்சிரலாம். யார் கேக்கப் போறாங்க."

அன்று நான் அட்டையை வைத்தேன். அவள் போனைப் பக்கெட் தண்ணீரில் போட்டது நான்தான் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. அது முதலிலேயே தெரியும், நான் எப்போது சொல்கிறேன் என்று பார்க்க நாலு மாதமாகக் காத்திருந்ததாகச் சொன்னாள். பாலம் தப்பித்தது.

பல்கலைக்கழகம் அதைக் கணினி விளையாட்டாக மாற்றக் குழு அமைத்தது. குழுவில் பதினேழு பேர். ஆறு அழகாக இருந்தது, மீன்கள் துள்ளின. திறந்தவுடன் ஏழு அமைப்புகளின் சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வர நாற்பது விநாடி ஆனது. உண்மை அட்டை ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. மாணவர்கள் அதை அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். சொல்லப்போகும் உண்மையை மூன்று நாள் முன்னதாக எழுதிக்கொடுத்து மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் படிவம் தேவையில்லை. அதை மாற்றக் குழு மறந்துவிட்டது.

துவக்க விழாவில் ரிப்பனும் கணினிக்குள்ளேயே இருந்தது. துணைவேந்தர் கத்தரிக்கோல் படத்தை அழுத்தினார். இணைப்பு மெதுவாக இருந்ததால் ரிப்பன் அறுபடவில்லை. மறுபடி அழுத்தினார். மொத்தம் பதினான்கு முறை. பிறகு ஒரே மூச்சில் பதினான்கு ரிப்பன்கள் அறுந்தன. அறிக்கையில் பதினான்கு துவக்க விழாக்கள் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

டீன் பேசினார். "உலகம் ஒரு கிராமம் என்பார்கள். அந்தக் கிராமத்துக்கு இன்று நாம் லாகின் கொடுத்திருக்கிறோம். எல்லைகளைக் கடந்து, காலத்தைக் கடந்து, ஏன், உடலையே கடந்து இணைவதுதான் இணையம்."

உடலையே கடந்து என்னும்போது என்னைப் பார்த்தார். நான் புரொஜெக்டர் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆடினால் படம் போய்விடும்.

வகுப்புகள் தொடங்கின. நாற்பது மாணவர்கள், வேலை செய்யும் கணினிகள் பன்னிரண்டு. இக்கரை ஊரின் தலைவியாக ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் அவளை மேயர் என்று கூப்பிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை எல்லோரும் சிரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. சிரிக்காதவர்கள் வராதவர்கள்.

வறட்சி வாரத்தில்தான் சிக்கல் வந்தது. இரண்டு கரை மாணவர்களும் பத்தே நிமிடத்தில் தண்ணீரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஒருவர் வீட்டுப் பூனையை ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. திட்டத்தின்படி மோதல் மேலாண்மைக்கு நாற்பத்தைந்து நிமிடம். மோதலே இல்லாவிட்டால் எதை மேலாண்மை செய்வது? சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கரையும் குறைந்தது மூன்று ஆட்சேபணைகளை எழுப்ப வேண்டும். அவற்றில் ஒன்று கடுமையானதாக இருக்க வேண்டும்.

"சார், அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நாங்க தர்றோம்னு சொல்லிட்டோம்" என்றாள் மேயர். "இப்ப எதை வெச்சு சண்டை போடறது?"

"மூணு வேணுமாம்."

"தண்ணிக்கு ரொம்ப நன்றின்னு சொன்னாங்க. அந்த 'ரொம்ப'வுக்கு ஆட்சேபிக்கலாமா சார்?"

ஆட்சேபித்தார்கள். அக்கரைக்காரர்களுக்கும் இதே உத்தரவு போயிருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் நன்றி சொன்னதைப் பற்றிச் சண்டை நடந்தது. கடைசியில் ஒரு மாணவன் நிஜமாகவே கோபித்துக்கொண்டு போய்விட்டான். குழு அதைச் சிறந்த கற்றல் விளைவு என்று குறித்துக்கொண்டது.

வெள்ள வாரத்தில் நிஜமாகவே மழை கொட்டியது. ஆய்வகத்தின் கூரை ஒழுகி, மூன்றாவது வரிசையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. மின் இணைப்புகளை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு முத்திரையம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மேடம், வெள்ளம் வந்துடுச்சு. பசங்கள வெளிய அனுப்பணும்."

"எந்த வெள்ளம் தம்பி? உள்ள இருக்கறதா, வெளிய இருக்கறதா?"

"வெளிய இருக்கறது மேடம். நிஜத் தண்ணி."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "வெள்ளம் வடியும் வரை மாணவர்கள் இருக்கையை விட்டு எழக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. அது உள்ள இருக்கற வெள்ளத்துக்குப் போட்டது. ஆனா ஆர்டர்ல உள்ள, வெளியன்னு பிரிக்கல. நான் எப்படிப் பிரிக்கறது, சொல்லுங்க."

மாணவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டார்கள். அப்படியே உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு கற்பனை மனிதர்களைக் காப்பாற்றினார்கள். டீன் வாசலில் நின்று படம் எடுத்தார். அது பல்கலைக்கழகப் பக்கத்தில் 'நேரடி அனுபவக் கற்றல்' என்ற தலைப்பில் வந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு முதல் ஸ்கிரீன் ஒரு காரணம். இன்னொரு காரணம் அக்கரைப் பேராசிரியை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர். மூன்று வருடம் முன்பு ஒரு பயிற்சி முகாமில் என் மனைவியோடு பத்து நாள் ஒரே அறையில் தங்கியிருந்தவர். பிறகு கடிதப் போக்குவரத்து இருந்தது. அவருடைய முதல் செய்தியே, 'யோசிக்கும்போது இன்னமும் பேனா மூடியைக் கடிக்கிறாயா?' என்று இருந்தது.

கடிப்பாள். வீட்டில் பல் தடம் இல்லாத மூடியே கிடையாது. 'ஆமாம்' என்று மட்டும் பதில் எழுதினேன்.

இரண்டு வரிப் பதில் நாலு வரி ஆயிற்று. பிறகு நானே கேட்க ஆரம்பித்தேன். எனக்கு மறதி அதிகமாகிவிட்டது, அந்தப் பத்து நாட்களில் நான் என்னவெல்லாம் பேசினேன், ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அவர் எழுதினார். கணவன் குறட்டை விட்டால் வேறு அறைக்குப் போக மனமில்லாமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன் என்றாளாம். அவள் கைப்பையில் தேடினேன். பஞ்சு இருந்தது.

ஐந்தாவது வாரம் ஒன்று எழுதினார். 'ஒருநாள் மாலை நீ சொன்னாய். என் கணவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் அவர் இல்லாத நாளில்தான் வீடு அமைதியாக இருக்கிறது என்றாய். அதை நான் மறக்கவே இல்லை.'

அந்தச் செய்தியை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். செவ்வாய், வியாழனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அவளாக உட்கார்ந்திருந்தால் அவளைப் பற்றி யாரோ பேசினார்கள். நானாக இருந்தபோது யாரும் பேசவில்லை. எல்லோரும் என் தோளைத் தட்டிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மாமனார் போன் செய்தார். அவர் வேறு ஊரில் தனியாக இருக்கிறார். வாரம் ஒருமுறை பேசுவார். சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி, அவ்வளவுதான் பேச்சு.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க மாமா."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு உங்க காலேஜ்ல சேரணும்னு போன்ல பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒரு பக்கத்துல நம்ம பாப்பா படம் இருக்கு. பேரு இருக்கு. பக்கத்துல ஒரு பச்சை லைட்டு."

வெளிப்படைத்தன்மைக்காகக் குழு செய்த ஏற்பாடு அது. ஒருங்கிணைப்பாளர்கள் உள்ளே இருக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"மூணு வாரமா பாக்கறேன் மாப்ள. செவ்வாக்கிழமை ரெண்டு மணிக்கு எரியுது. நாலரைக்கு அணையுது. வியாழக்கிழமையும் அப்படித்தான். போன வாரம் அஞ்சு நிமிஷம் லேட்டு. அது யாருன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

"நான்தான் மாமா."

அவர் பக்கம் ஏதோ ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் முதல் நாள் பார்த்துட்டு வாசல் வரைக்கும் ஓடினேன் மாப்ள. எங்க ஓடறேன்னு எனக்கே தெரியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் நிறைவு விழா, அவள் பெயர் முதல் ஸ்கிரீனில் வரப்போகிறது, அதோடு முடிந்துவிடும் என்றேன்.

"பேரு வருதா? பெருசா வருமா?"

"பெருசா வரும் மாமா."

"அப்ப சரி."

நிறைவு விழா பெரிய அரங்கில் நடந்தது. மேடையில் ஆறு நாற்காலிகள். ஐந்தில் ஆள். ஆறாவதில் என் மனைவியின் பெயர்ப்பலகை. முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறந்து வைத்திருந்தது. ஓரத்து மேசையில் கணினியோடு நான் உட்கார்ந்திருந்தேன், அவள் பெயரில். திரையில் பச்சை எரிந்தது. எதிரே இன்னொரு பச்சை, அக்கரைப் பேராசிரியை.

"தவிர்க்க இயலாத காரணத்தால் மேடைக்கு வர முடியாத நம் ஒருங்கிணைப்பாளர், இணையவழி நம்மோடு இருக்கிறார்" என்று அறிவித்தார்கள். கைதட்டினார்கள்.

முதல் ஸ்கிரீனைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். ஏழு சின்னங்களும் சுழன்று முடிந்தன. பிறகு பெரிய எழுத்தில் வந்தது: 'உருவாக்கியவர்: புலத்தலைவர்.' அதாவது டீன். அதற்குக் கீழே பதினேழு பெயர்கள். அவற்றிலும் அவள் இல்லை.

எழுந்து மேடையின் பக்கவாட்டுப் படி வரை போனேன். டீன் குனிந்து என் தோளில் கை வைத்தார்.

"உங்க வருத்தம் புரியுது. நானும் போராடிப் பார்த்தேன். சட்டப் பிரிவு விடமாட்டேன்னுட்டாங்க. பணியில இருக்கற ஒருங்கிணைப்பாளர் பேரையே உருவாக்கியவர்னும் போட்டா அது சுயவிளம்பரம் ஆயிடுமாம். இறந்தவங்களா இருந்தா பிரச்சினையே இல்ல, தாராளமா போடலாம்னாங்க. ஆனா பைல்படி அவங்க இருக்காங்களே."

"நீங்கதானே சார் இருக்க வெச்சீங்க."

"நான் வெக்கல. ஏழாவது பிரிவு வெச்சிருக்கு." தோளை அழுத்தினார். "போய் உக்காருங்க. துணைவேந்தர் பாக்கறார்."

வந்து உட்கார்ந்தேன். மாமனார் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். விழாவை நேரலையாகக் காட்டினார்கள்.

கடைசிச் சுற்று ஆரம்பமானது. ஆறு ஓடியது, மீன்கள் துள்ளின. ஆறு வாரத்தில் யாரும் தொடாத உண்மை அட்டை மூலையில் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அழுத்தினேன். என்னிடம் படிவம் கேட்கவில்லை.

'நான் மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டேன். இத்தனை நாள் உங்களோடு பேசியது என் கணவர்.'

பெரிய திரையில் அது வந்தது. மேயர் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையின் மேற்பகுதியில் பத்து நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பாலம் மெல்ல ஆடியது. எதிர்ப் பச்சைக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். எனக்கு அது தேவைப்பட்டது. அவளுக்காக யாராவது ஒருவர் இன்று புதிதாக அழ வேண்டும்.

ஒன்பதாவது நிமிடத்தில் பதில் வந்தது.

'பேராசிரியை ஒப்பந்தம் கையெழுத்தான மறுவாரமே வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நான் இங்கே அலுவலக உதவியாளர். அவருடைய பழைய கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். கடிதங்கள் தீர்ந்த பிறகு நானாக எழுதினேன். உங்கள் டீனுக்கு இது முதலிலிருந்தே தெரியும். என்னை மன்னியுங்கள்.'

பாலம் ஆடுவது நின்றது.

துணைவேந்தர் எழுந்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எவ்வளவு தத்ரூபம்" என்றார். "ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். பாவனை என்பது இப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு நாடுகள், இரண்டு உள்ளங்கள், ஒரே கற்பனை. உருவாக்கிய புலத்தலைவரை மனமாரப் பாராட்டுகிறேன்."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. டீனும் தட்டினார். மேயர் மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப்பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வீடு அமைதியாக இருப்பதைப் பற்றிய அந்த வாக்கியம், கடிதத்தில் இருந்ததா, கடிதங்கள் தீர்ந்த பிறகு எழுதியதா? கேட்கலாம் என்று பார்த்தபோது எதிர்ப் பச்சை அணைந்திருந்தது.

விழா முடிந்து எல்லோரும் டீயோடு நின்றிருந்தபோது டீனிடம் போனேன்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா சார்?"

"அங்கயும் அதே ஏழாவது பிரிவுதானேப்பா. ஒரே ஒப்பந்தம், ரெண்டு பக்கமும் ஒரே சிக்கல். அவங்க டீன் எனக்குப் போன் பண்ணினார். சேர்ந்தே சமாளிப்போம்னு முடிவு பண்ணினோம். உண்மையான ஒத்துழைப்புன்னா அதுதான்."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா நீங்க இவ்வளவு மனசு விட்டு எழுதியிருப்பீங்களா?" பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "அந்தக் கடிதங்கள் எல்லாத்தையும் ஆண்டறிக்கையில பின்னிணைப்பா போட்டிருக்கோம். பண்பாட்டுப் பரிமாற்றம்னு. படிச்சவங்க எல்லாரும் கலங்கிட்டாங்க. அந்தப் பஞ்சு விஷயம் அருமை."

நான் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து கணினிகளை அணைத்தேன். பன்னிரண்டும் அணைய ஆறு நிமிடம் ஆனது.

இரண்டு வாரம் கழித்து முத்திரையம்மா நேரிலேயே ஆய்வகத்துக்கு வந்தார். கையில் பைல். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"அவங்களுக்கு மெமோ போச்சு தம்பி. வீட்டு முகவரிக்குப் போட்டேன், பார்த்திருப்பீங்க. நேர்ல வந்து விளக்கம் குடுக்கச் சொல்லி நாள் குடுத்தோம். அவங்க வரல."

"ஆமா மேடம். வரல."

"அதனால இது." தாளை நீட்டினார்.

ஆணை ஒரு பக்கம்தான். பொதுத்திரையில் தமது நிலை குறித்து உண்மைக்கு மாறான தகவலை வெளியிட்டு, விருந்தினர்கள் முன்னிலையில் நிறுவனத்துக்குக் களங்கம் ஏற்படுத்த முயன்றதற்காக ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். அவருடைய லாகின் உடனடியாக முடக்கப்படுகிறது. இனிவரும் ஆட்டங்களில் உண்மை அட்டை இடம்பெறாது.

"இதுக்கு அவ கையெழுத்து வேண்டாமா மேடம்? ஏழாவது பிரிவு?"

"மாத்தறதுக்குத்தான் ஏழாவது பிரிவு. ஒழுங்கு நடவடிக்கைக்கு வேண்டாம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெற்றுக்கொண்டதா நீங்க போடலாம். கணவர்னு எழுதி."

எழுதினேன். என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. பைல்படி நான் எதுவுமே செய்யவில்லை, எல்லாம் அவள் செய்தது. என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டித்திருந்தார்கள். அதையும் அவரே கொண்டுவந்திருந்தார். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது.

அன்று செவ்வாய். இரண்டு மணி தாண்டியதும் மாமனார் போன் செய்தார்.

"லைட்டு எரியல மாப்ள. பேரையும் காணோம்."

"ஆமா மாமா. எடுத்துட்டாங்க."

"திட்டம் முடிஞ்சு போச்சுன்னா?"

"இல்ல மாமா. தப்பு பண்ணிட்டாங்கன்னு."

"பாப்பாவா? என்ன தப்பு பண்ணா?"

ஆணை மேசைமேல்தான் இருந்தது. அதை எடுத்து வாசித்துக் காட்டவில்லை. "செத்துட்டேன்னு சொன்னாளாம் மாமா. அது பொய்னு சொல்றாங்க."

அவர் யோசித்தார். பஸ் ஓட்டியவர், எதையும் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"அவ பொய் சொல்ற பொண்ணு இல்லையே மாப்ள."

"இல்ல மாமா" என்றேன்.